மாடு கட்டி இருக்குது

எனக்கு நாற்பத்தாறு வயதில் காது கேட்பது நின்றுபோனது. ஒரே நாளில் அல்ல. ஒரு காய்ச்சலோடு இடது காது போனது. அடுத்த இரண்டு வருடங்களில் வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காதில் மாட்டும் கருவி வாங்கிப் பார்த்தேன். அது சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டியதே தவிர, பேச்சைக் கொண்டுவரவில்லை. அப்போது சமவெளியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். உதடு அசைவது தெரியும். பாதி ஊகத்தில் பதில் சொல்வேன். ஒருநாள் வகுப்பு முழுவதும் சிரித்தது. என்ன கேட்டார்கள், நான் எதற்குப் பதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருடம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுக் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி நேரில் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது அவள் என்றுதான் கைக்கு வருகிறது. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மாமா தவறி விழுந்து இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. கொஞ்சம் காப்பிச் செடி, மிளகுக்கொடி, ஒரு மாடு, இவற்றோடு தனியாகவே இருந்தாள். நானும் கல்யாணம் செய்துகொள்ளாதவன். நான் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பேச ஆள் வந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தால், அது நடக்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான். ஆகவே எனக்கு எதையும் எழுதிக் காட்ட அவளால் முடியாது. நான் பேசுவது அவளுக்குக் கேட்கும்; அவள் பேசுவது எனக்குக் கேட்காது. எங்களுக்கு நடுவில் இருந்த ஒரே வழி என் போன். பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் திரையில் எழுதிக்காட்டும் செயலி ஒன்று அதில் இருந்தது. சோறு உண்ணும்போது அதைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பேன். அக்கா போனைப் பார்த்துப் பேசுவாள். நான் படிப்பேன்.

ஆரம்பத்தில் அது எங்களுக்கு விளையாட்டாகக்கூட இருந்தது. ஒருமுறை ஏற்காடு கடைவீதிக்கு இருவரும் போயிருந்தோம். எனக்கு அங்கே இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. அக்கா போனுக்கு அருகே குனிந்து ஏதோ சொன்னாள். திரையில், “நான் ஊட்டிக்குப் போறேன், நீ பஸ்ல வா” என்று வந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னது ‘ஊட்டுக்கு’. அவளுக்கு வீடு ஊடுதான். ரொம்ப என்பது அவளுக்கு நொம்ப; அதை அந்த இயந்திரம் நம்ப என்று எழுதும். காட்டுக்குப் போகிறேன் என்று அவள் தன் காப்பிக் காட்டைத்தான் சொல்வாள். அது மட்டும் எழுத்தில் சரியாக வரும்.

அது ஏன் ஊட்டி என்று எழுதியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதுநிலைப் படிப்பில் நான் செய்த வேலையே அதுதான். அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் வாக்கியத்தில் அடுத்து என்ன சொல் வரும் என்று கணக்குப் போடச் சொல்லித்தரும் வேலை. முன்னால் வந்த இரண்டு சொற்களைப் பார்த்து மூன்றாவதை ஊகிப்பது அப்போதைய வழக்கம். தமிழில் அது போதாது, வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு உரிய எழுவாய் எங்கோ முதலில் இருக்கிறது, ஆகவே வாக்கியத்தின் கட்டமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். எந்தச் சொல் பெயர், எந்தச் சொல் வினை என்று ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் கையால் குறியிட்டேன். படி, ஆடு, ஓடு என்று இரண்டு வேலை செய்யும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தேன். சுற்றியிருக்கும் சொற்கள்தான் ஒரு சொல்லைக் காட்டிக்கொடுக்கும் என்று ஆய்வேட்டில் எழுதினேன். மலை, பஸ், குளிர், எஸ்டேட் என்று பேசுகிற ஒருத்தி ஊட்டுக்கு என்று சொன்னால், சுற்றியிருக்கும் சொற்களை நம்பும் இயந்திரம் ஊட்டி என்றுதான் எழுதும். காதில் சரியாக விழாததைச் சூழலை வைத்து நிரப்பிக்கொள்கிறது. வகுப்பில் நான் செய்ததும் அதுதானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நான் பயன்படுத்தியது செய்தித்தாள்களின் எழுத்து. அதில் மூன்று தடவைக்கும் குறைவாக வரும் சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு, ‘தெரியாத சொல்’ என்ற ஒரே குறியை அவற்றின் இடத்தில் போட்டேன். அதுதான் முறை. கதைப் பகுதிகளில் எப்போதாவது வந்த ஊடு, நொம்ப எல்லாம் அப்படித்தான் போயின. என் வீட்டுப் பேச்சு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது போனில் இருப்பவை நான் செய்ததைவிட எத்தனையோ மடங்கு பெரியவை, வேறு வகையானவையும்கூட. ஆனாலும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. அடிக்கடி வருவது முந்திக்கொள்ளும்.

நான் வந்த இரண்டாவது வருடம், காப்பி பறிப்பு முடிந்திருந்த சமயம். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். திரையில், “மாடு கட்டி இருக்குது” என்று வந்தது. நான் சரி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

சில வாரம் கழித்து மறுபடியும் அதே சொற்கள் வந்தன. “மாடு கட்டி இருக்குது சாமி.” சாமி என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான். அப்போதும் சரி என்றேன். மாட்டைக் கட்டினாளா அவிழ்த்தாளா என்பது தினமும் எங்கள் வீட்டில் பேசப்படுவதுதான். கட்டாமல் விட்டால் அது பக்கத்துக் காட்டில் போய் மேயும், அவர்கள் வந்து சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தமும் எனக்குத் திரையில்தான் வரும்.

மூன்றாவது தடவை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். திரையில், “மாடு கட்டி இருக்குது நம்ப வலிக்குது” என்று வந்தது. நம்ப என்றால் நொம்ப என்று எனக்குத் தெரியும். அந்தத் திருத்தத்தை நானே செய்துகொண்டேன். செய்ததும் வாக்கியம் எனக்கு முழுமையாகப் புரிந்துவிட்டது. மாட்டுக்குக் கழுத்தில் கயிறு இறுக்குகிறது.

“இறுக்காம கொஞ்சம் இளக்கிக் கட்டுங்க” என்று சொன்னேன்.

அன்று சாயந்தரம் போய் மாட்டைப் பார்த்தேன். கயிறு தளர்வாகவே இருந்தது. அக்கா இளக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை ஏற்காடு போனபோது அவள் டெய்லரிடம் நின்று வெகுநேரம் பேசினாள். பிறகு அவள் போட்டுக்கொண்ட ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று இருந்தன. உடம்பு இளைத்துவிட்டது, பழைய அளவில் தைத்துவிட்டார்கள் என்று அதையும் நானே நிரப்பிக்கொண்டேன்.

பக்கத்துக் காட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பத்தாவது வரை ஏற்காட்டில் படித்தவள், அக்காவோடு சேர்ந்து பறிப்புக்குப் போகிறவள். ஆடி மாதம் ஒருநாள் காலையில் அவள் நேராக வீட்டுக்குள் வந்தாள். என் போனைத் தேடவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

“அக்காளுக்கு மாருல கட்டி இருக்குதுங்க. கல்லாட்டம் இருக்குது. நான் தொட்டுப் பாத்தேன். உங்ககிட்ட மூணு தடவ சொன்னாங்களாமா.”

நான் அதை இரண்டு முறை படித்தேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். அக்கா பேசினாள். அந்தப் பெண் இன்னொரு தாளைக் கிழித்து, அக்கா சொல்வதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினாள்.

“மூணு தரம் சொன்னேன் சாமி. நீ சரீன்னே. அப்பறம் இளக்கிக் கட்டுன்னே. ஜாக்கெட்ட இளக்கித் தெச்சுப் போட்டுக்கிட்டேன். படிச்ச புள்ள சொல்றான், ஒண்ணும் இருக்காதுன்னு உட்டுட்டேன்.”

இரண்டு வருடங்களில் அக்கா பேசியதை அவள் பேசிய மாதிரியே நான் படித்தது அதுதான் முதல் தடவை. ‘சரீன்னே’ என்று அவள் இழுப்பதுகூட அதில் இருந்தது.

அந்தப் பெண் போன பிறகு போனை எடுத்தேன். அந்தச் செயலி தான் எழுதியதை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும். குரலைச் சேர்த்து வைக்காது. கட்டி என்று தேடினேன். கணக்கில்லாமல் வந்தது. மாடு கட்டி, மூட்டை கட்டி, மண் கட்டி, யாரோ வீடு கட்டி, வெல்லக் கட்டி. ‘மாடு கட்டி’ மட்டுமே பல இடங்களில் இருந்தது. அவற்றில் எவை மாடு, எவை அக்காவின் மார்பு என்று பிரிக்க உட்கார்ந்தேன். முன்னால் என்ன பேசினாள், பின்னால் என்ன பேசினாள், நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மழைநாள் வரி தெரிந்தது. மற்ற இரண்டும் நினைவில் இருந்தாலும், பட்டியலில் எந்த வரிகள் என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொங்கல் சமயத்தில் ஒன்று இருக்கிறது. அது அவள் சொன்ன முதல் தடவையாக இருந்தால், ஆறு மாதத்துக்கும் மேலே போய்விட்டது.

மாருல என்று அவள் சொல்லியிருக்கிறாள். கூச்சத்தில் குரல் தாழ்ந்து ‘ல’ அமுங்கியிருக்கும். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொண்டது. மாரு, கட்டி இரண்டையும் அது பக்கத்துப் பக்கத்தில் பார்த்திருக்காது. மாடு, கட்டி இரண்டையும் எவ்வளவோ பார்த்திருக்கும். அதிலும் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க மாடுதான். கட்டி என்பது பெயராக இருக்கலாம், வினையாகவும் இருக்கலாம். மாடு என்று முடிவான பிறகு அது வினைதான். வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. ஊட்டி என்று வந்தபோது சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அது பொருந்தவில்லை. இது பொருந்தியது. கட்டி என்ற சொல் என் பழைய பட்டியலில் இருந்திருக்க வேண்டும். நான் சேர்த்தேனா என்று நினைவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று திறந்தபடியே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது. மேசையில் போனை வைக்கட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். அவர் பேசியதெல்லாம் திரையில் ஒரு பிழை இல்லாமல் வந்தது. அக்கா பேசியது வழக்கம்போல் உடைந்து உடைந்து வந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்க முடிந்த அக்காவுக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய எனக்குக் கேட்கவில்லை; திரையில் வந்ததைப் படித்து, அக்காவுக்கு எளிதாக்கிச் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

“எப்போது முதலில் கவனித்தீர்கள்? ஏன் இவ்வளவு தாமதம்?” என்று திரையில் வந்தது. அக்கா பதில் சொன்னாள். வெளியே வராண்டாவில் ஏதோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள் போல, திரை கொஞ்ச நேரம் திணறிவிட்டு, “தம்பி கிட்ட சொல்ல” என்று எழுதி நின்றது.

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

தம்பிகிட்டச் சொல்லல என்று அக்கா சொன்னாளா? அப்படியானால் என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாள். சொல்ல வெட்கமாக இருந்தது என்றாளா? அல்லது சொன்னேன், அவன் கேட்கவில்லை என்று உள்ளதையே சொன்னாளா? தமிழில் இல்லை என்பது கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி ஒரு எழுத்தைக் கட்டிலின் சக்கரம் விழுங்கிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மறுபடி கேட்கவில்லை.

அறுவை சிகிச்சையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். பார்க்க ஆள் இல்லாததால் மாட்டை விற்றுவிட்டோம். அக்காவுக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண். பேசுவது குறைந்தது. பேசினாலும் நாக்குப் புரளாததால் போன் இன்னும் மோசமாக எழுதியது. வலிக்கிறதா என்று கேட்பேன். ஆமாம், இல்லை என்று தலையை அசைத்துக் காட்டுவாள். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்பதற்குத் தலையசைப்பு போதவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு நீளமாக ஒரு கடிதம் அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அதையும் ஓர் இயந்திரம்தான் எழுதியிருக்கும். பிறகு, எனக்குத் தெரிந்த வேலைதானே, அக்காவின் பேச்சுக்கென்று நானே சின்னதாக ஒன்று செய்துவிடலாம் என்று பழைய லேப்டாப்பைத் திறந்தேன். அவள் பேசுவதைப் பதிவு செய்தேன். பதிவு செய்த பிறகுதான் உறைத்தது. அதைக் கேட்டு, சரியாக எழுதித் தர ஒருவர் வேண்டும். என்னால் அதைக் கேட்க முடியாது. பக்கத்துக் காட்டுப் பெண் வேலை முடிந்து வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான்கைந்து நாள் எழுதித் தந்தாள். ஒரு நோட்டில் பத்துப் பக்கம் வந்தது. அவளுக்கும் வீடு, பிள்ளைகள், காட்டு வேலை இருக்கிறது. பத்துப் பக்கத்தை வைத்து எந்த இயந்திரத்துக்கும் எதையும் கற்றுத்தர முடியாது. அது எனக்கு முதலிலேயே தெரியும். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

அக்காவுக்கு எழுத்து சொல்லித்தரவும் முயன்றேன். ட, ப, ம வரை வந்தாள். மருந்தில் விரல் நுனி மரத்துப்போய்ப் பென்சில் பிடிக்க முடியவில்லை. ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை நீவிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். போதுங்க்கா என்று நானே வாங்கி வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டாள். டாக்டர் பேசினால் போன் சரியாக எழுதுகிறது என்பதை அவள் கவனித்திருக்கிறாள். ஒருநாள் திரையில், “நான் உள்ளே சென்று படுக்கிறேன். எனக்கு மிகவும் சோர்வாக இருக்கிறது” என்று வந்தது. பிழையே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா போனின் முன்னால் விறைப்பாக நின்று, டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து எனக்குத் தேவையானதெல்லாம் அப்படித்தான் சொல்கிறாள். சாப்பிட வாருங்கள் என்கிறாள். மருந்து தீர்ந்துவிட்டது என்கிறாள். சாமி என்ற சொல் நின்றுபோய்விட்டது. ஒருவேளை அந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை என்று நினைத்திருப்பாள். பழையபடி பேசுங்க என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா?

இப்போது மருந்து ஏற்றுவது முடிந்துவிட்டது. மாத்திரை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை அக்குளில் ஏதோ தட்டுப்படுகிறது, இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது திரையில் தெளிவாக வந்தது. நான் படித்தேன். அக்கா கேட்டாள்.

நேற்று காலை பக்கத்துக் காட்டுப் பெண் காப்பி நாற்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா அவளோடு வேலியருகில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். அக்கா கையை வீசி, தலையை ஆட்டி, எதையோ இழுத்து இழுத்துச் சொன்னாள். அவள் அப்படிப் பேசிப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தேன். பத்தடி தூரத்தில் என்னைப் பார்த்ததும் அக்கா நிறுத்திவிட்டாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து ஏதோ சொன்னாள். திரையில் பார்த்தேன்.

“ஒன்றும் இல்லை. நாங்கள் சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நாற்றுக்கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். அக்கா இன்னொரு பக்கத்தைப் பிடிக்க வந்தாள். அறுவை செய்த பக்கத்துக் கையால் தூக்கக் கூடாது என்று சொல்லித் தடுத்தேன். அது அவளுக்குக் கேட்டது.